பதினாலு பேர்

வேலூர் லாங் பஜாருக்கு மளிகை வாங்கப் போகும் சனிக்கிழமைகளில் அப்பா என்னை மணிக்கூண்டின் அடியில் நிறுத்திவிட்டு மண்டிக்குள் நுழைவார். "இங்கயே நில்லு. நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது" என்பார். நகர இடமும் இருக்காது. மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வருவார்கள். மிளகாய் நெடியில் கண் எரியும். அந்த நெரிசலில் ஒரு சிறுவன் நின்றபடியே செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான் இருந்தது. மணிக்கூண்டில் பதித்திருந்த கல்லைப் படிப்பது.

அப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். வாரம் ஒரு சொல்லாகச் சேர்த்து, ஒரு கோடை முடிவதற்குள் முழுவதையும் படித்துவிட்டேன். வேலூரிலிருந்து 277 பேர் 1914–18 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்றது கல். பையும் கையுமாகத் திரும்பிய அப்பாவிடம், "அந்தப் பதினாலு பேர் யாருப்பா?" என்று கேட்டேன். அப்பா ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "வெள்ளைக்காரன் காலத்துல பட்டாளத்துக்குப் போனவங்கடா" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்பதும் புரிந்தது.

பிறகு அந்தக் கேள்வியை மறந்து போனேன். பல பத்தாண்டுகள் கழித்து, கிழக்கு லண்டனில் ஒரு சின்னத் தெருவில், ஒரு வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றபோது அது திரும்பி வந்தது.

*

ஈஸ்ட் ஹாமில் என் சித்தி மகள் வீடு இருக்கிறது. வாசலை விட்டு இறங்கினால் இட்லி மாவும் கறிவேப்பிலையும் கிடைக்கும் ஊர் அது. நான் போனது நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ரயிலில், கடையில், தெருவில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப்பேர் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ ஒன்றைக் குத்தியிருந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11-ஐ நினைத்து அணியும் பாப்பிப் பூ. 1919 முதல் அந்த நாளில் இரண்டு நிமிடம் நாடே பேச்சற்று நிற்கும் வழக்கமும் இருக்கிறது.

எல்லோரையும்போல நானும் முதலில் வைட்ஹாலில் உள்ள செனோடாஃபைப் பார்க்கப் போனேன். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடித்தது. 1919 ஜூலையில் வெற்றி அணிவகுப்புக்காக மரத்திலும் சுண்ணச் சாந்திலும் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். மக்கள் வந்து அதன் அடியில் பூவைக் குவித்துக்கொண்டே இருந்ததால், 1920 நவம்பரில் அதையே கல்லில் எழுப்பினார்கள். செனோடாஃப் என்றால் உடல் இல்லாத கல்லறை. அதில் ஒரு பெயர்கூட இல்லை. ஒரு நாடு முழுவதற்கும் பொதுவான கல்லில் யார் பெயரை எழுதுவது? அது சரிதான் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அன்று இரவு சாப்பிடும்போது சித்தி மகளின் பையன் கேட்டான். பத்து வயது. தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிக்கிற பிள்ளை.

"மாமா, சைப்ரஸ் ஸ்ட்ரீட் பாத்தீங்களா? அந்தத் தெருவுல இருந்து சண்டைக்குப் போய் செத்தவங்க பேரை அந்தத் தெருவுலயே எழுதி வெச்சிருக்காங்க. எங்க டீச்சர் சொன்னாங்க."

"தெருவிலயா? கோயில்லயா?"

"வீட்டுச் சுவத்துல மாமா."

மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன்.

*

ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன். மைல் எண்டில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் பெத்னல் கிரீன். படியேறி வெளியே வந்ததும், பூங்காவின் மூலையில் தேக்கு மரத்தால் செய்த ஒரு படிக்கட்டு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தேன். அதைக் கடந்து போக முடியவில்லை.

1943 மார்ச் 3 இரவு. இந்த ரயில் நிலையம் அப்போது கட்டி முடியாத சுரங்கம். குண்டுவீச்சுக்குப் பயந்த மக்கள் ஒதுங்கும் இடமாக இருந்தது. சங்கு ஊதியதும் வழக்கம்போல இறங்கத் தொடங்கினார்கள். அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து அவர்களுடைய சொந்தப் படையே புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளை ஏவியது. அதுவரை கேட்டறியாத அந்தச் சத்தத்தைக் குண்டு என்று நினைத்துக் கூட்டம் நெருக்கியது. மங்கிய வெளிச்சத்தில், ஈரப் படியில், குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர்மேல் ஒருவர், அவர்மேல் ஒருவர். 19 படிகள் கொண்ட அந்தச் சிறிய இறக்கத்தில் 173 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அந்த இரவில் அந்தப் பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை. விசாரணை அறிக்கையை 1945 வரை அரசாங்கம் வெளியிடவில்லை.

நினைவுச் சின்னம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2017 டிசம்பரில். எழுபத்து நாலு ஆண்டுகள் கழித்து. மேற்கூரையில் ஒருவருக்கு ஒன்றாகச் சிறு துளைகள். அவற்றின் வழியாக ஒளி கீழே விழுகிறது. சுற்றிலும் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் என் கண் நின்றுவிட்டது. அம்மா, பிள்ளை, இன்னொரு பிள்ளை என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

*

சைப்ரஸ் தெரு அங்கிருந்து நடக்கும் தூரம். க்ளோப் சாலையை ஒட்டிய பகுதி. வழியில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்ட வங்காளப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பல் வேலைக்கு வந்த சில்ஹெட் மாலுமிகளின் வழியில் குடியேறிய சமூகத்துக்கு இன்று இதுதான் சொந்த ஊர்.

தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிய பழைய இரண்டு மாடிச் செங்கல் வீடுகள். திண்ணை இல்லை, தோட்டம் இல்லை. கதவைத் திறந்தால் கால் நேராக நடைபாதையில். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வண்ணம். நம் ஊர் அக்ரகாரத்தையோ, நெசவாளர் தெருவையோ பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் மகன் இறந்த செய்தி வந்தால் தெருவே அறியும்.

அந்தச் சுவரில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, ஆள் நின்று படிக்கும் உயரத்தில் வெள்ளைப் பலகை. 26 பெயர்கள். 1914–1918. சைப்ரஸ் தெருவின் ஆண்கள் என்றுதான் அவர்களைக் குறிப்பிடுகிறது. ராஜா பெயர் இல்லை, தளபதி பெயர் இல்லை. கீழே, இரண்டாம் உலகப் போருக்காகப் பிறகு சேர்த்த சிறிய பலகை. அதன் அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பூ.

நான் 26 பெயரையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒருவர் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கடந்துதான் போக வேண்டும். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுகொண்டார். நான் கடைசிப் பெயரை முடித்து விலகியதும் தலையை லேசாக அசைத்துவிட்டுத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. நம் ஊரில் ஒருவர் தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிடும்போது குறுக்கே போகாமல் நிற்பார்களே, அதே நிற்றல்.

பலகையை வைத்தவர்கள் யார் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தத் தெருவில் டியூக் ஆஃப் வெல்லிங்டன் என்று ஒரு மதுக்கடை இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். போர் முடிந்து பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தரைப்படை, கடற்படை ஆட்கள் அந்தக் கடையின் பெயரில் உதவிச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் இதை எழுப்பினார்கள். அதாவது, திரும்பி வந்தவர்கள் திரும்பாதவர்களுக்கு வைத்த கல்.

அந்தச் செய்தி என்னை அங்கேயே நிறுத்தியது. பெயரை எழுதச் சொன்ன ஆட்களுக்கு அந்த 26 பேரையும் தெரியும். ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள், ஒரே கடையில் குடித்திருப்பார்கள், ஒருவன் தங்கையை இன்னொருவன் கட்டியிருப்பான். பெயரில் ஒரு எழுத்து தவறினால் கேட்க அவன் அம்மா நாலாவது வீட்டில் இருக்கிறாள். சிப்பாய்களின் சங்கம் அதிகாரியிடம் பட்டியல் கேட்டு எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

*

ஒரு தெரு தன் சுவரிலேயே இறந்தவர்களை எழுதிக்கொள்வது எங்கிருந்து வந்தது? அதற்கு விடை சைப்ரஸ் தெருவிலிருந்து விக்டோரியா பூங்காவைத் தாண்டினால் வரும் ஹாக்னியில் இருக்கிறது. 1916-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தெற்கு ஹாக்னியின் ஏழைத் தெருக்களில் மரச் சட்டங்கள் முளைத்தன. போர்முனைக்குப் போனவர்கள், இறந்தவர்கள் பெயர்கள் எழுதிய பட்டியல், மேலே ஒரு சிலுவை, கீழே பூ வைக்க ஒரு சின்னப் பலகை. தெருப் பெண்கள் தினமும் பூ மாற்றினார்கள். அந்த ஆகஸ்டில் மேரி மகாராணி நேரில் வந்து இந்தத் தெருக்களில் நடந்து பார்த்தார். அதன்பின் வழக்கம் நாடெங்கும் பரவியது.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய காரணம் இருந்தது. இறந்தவர்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர அனுமதியில்லை. வசதியுள்ள வீட்டார் மட்டும் மகனைத் தோண்டி எடுத்து வந்துவிடக் கூடாது, செல்வரும் ஏழையும் விழுந்த நிலத்திலேயே சமமாகக் கிடக்கட்டும் என்று முடிவானது. அந்தச் சமத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சைப்ரஸ் தெருத் தாய் ஒருத்தி கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போய் மகன் கல்லறையைப் பார்ப்பது நடக்கிற காரியமா? எத்தனையோ பேருக்குக் கல்லறையே கிடையாது. எடுத்துக் கழுவ, மாலை போட, பத்தாம் நாள் காரியம் செய்ய ஒன்றுமே இல்லாத சாவு. அப்படிப்பட்ட வீட்டுக்கு, சுவரில் எழுதிய பெயர்தான் உடம்பு. பூவை அங்கேதான் வைக்க முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்கள் தெருத் தெருவாகவே போனார்கள். மான்செஸ்டர் அருகே ஆல்ட்ரிங்கம் ஊரில் சேப்பல் தெரு என்று ஒன்று இருந்தது. மொத்தம் 60 வீடுகள். அதிலிருந்து 161 பேர் போருக்குப் போனார்கள். 29 பேர் திரும்பவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதை இங்கிலாந்திலேயே மிகத் துணிச்சலான சின்னத் தெரு என்று பாராட்டினார். 1919-ல் அதற்கும் பெயர்ப்பலகை வைத்தார்கள். பின்னாளில் தெருவின் வீடுகளை இடித்துவிட்டார்கள். வீடு போய்ப் பெயர் மிஞ்சியது.

ஒரே ஊர்க்காரர்களை ஒரே அணியில் சேர்க்கிறோம், நண்பர்களோடு நண்பர்களாகப் போகலாம் என்று ஆள் சேர்த்த படைப்பிரிவுகளும் இருந்தன. அதன் விலை 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் தெரிந்தது. ஆக்ரிங்டன் ஊர்ப் பிரிவிலிருந்து தாக்குதலுக்குப் போன சுமார் 700 பேரில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். அந்த வாரம் அந்த ஊரில் துக்கத்துக்காகத் திரைச்சீலை இழுத்து மூடாத தெருவே இருந்திருக்காது.

*

பஸ் பிடித்துத் தெற்கே பாப்லருக்குப் போனேன். ஈஸ்ட் இந்தியா டாக் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஏதோ தெரிந்த இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது. நம் ஊர் மிளகும் துணியும் வந்து இறங்கிய கப்பல்துறையின் பெயர் இன்னும் சாலைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையோரப் பூங்காவில் சிறகு விரித்த தேவதை ஒன்று உயரத்தில் நிற்கிறது. அதன் கீழே 18 பெயர்கள். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் வயது. 5. 5. 5.

1917 ஜூன் 13. பட்டப்பகலில் ஜெர்மானிய கோத்தா விமானங்கள் வந்தன. ஒரு குண்டு அப்பர் நார்த் ஸ்ட்ரீட் பள்ளியின் கூரையைத் துளைத்து, மாடி வகுப்புகளைக் கடந்து, தரைத்தளத்துச் சின்னக் குழந்தைகள் வகுப்பில் வெடித்தது. இறந்த 18 பேரில் 16 பேர் நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள். இடிபாட்டைக் கிளறிய பள்ளிக் காவலாளி அதில் தன் மகனையே கண்டெடுத்தார். ஊர் மக்கள் கொடுத்த பணத்தில் 1919 ஜூனில் இந்தச் சின்னத்தைத் திறந்தார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வரலாறு இருக்கும்? சாதனை இல்லை, பதவி இல்லை. பெயரும் வயதும்தான் உண்டு. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்திருந்தாலும் நான் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.

பெஞ்சில் உட்கார்ந்து அன்று பார்த்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதினேன். 173, 26, 18 என்று மூன்று எண்கள் வரிசையாக வந்தன. மூன்றுக்கும் பின்னால் பெயர்கள் இருந்தன. நாலாவதாக என் பேனா தானாக 14 என்று எழுதியது. வேலூர். லாங் பஜார். மிளகாய் நெடி. அதன் பக்கத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

*

அந்த இரவு தூக்கம் வரவில்லை. ஈஸ்ட் ஹாம் வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளைக் கணினியில் திறந்தேன்.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 74,000. துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமல்ல. சாலை போட்டவர்கள், கழுதை ஓட்டியவர்கள், சமைத்தவர்கள், காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மதராஸ் மாகாணத்துக்காரர்களுக்கு இதில் தனிக் கதை. "வீர இனம்" என்று பஞ்சாபியரையும் பட்டாணியரையும் கூர்க்கர்களையும் உயர்த்திப் பிடித்த பிரிட்டிஷ் ராணுவம், போருக்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தெற்கத்தி ஆட்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தது. ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்தக் கதவைத் திறந்தது. "தம்பி" என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில், பாலம் கட்டினார்கள், அகழி வெட்டினார்கள்.

அந்த மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் 1929-ல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கல்லறை இல்லாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருக்கின்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும், இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை. அதே ஆணையம் 1927-ல் பிரான்சின் நியூவ் ஷபேலில் வைத்த நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பெயர் பெயராகச் செதுக்கியிருக்கிறது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஐரோப்பியர்கள் வந்து பார்க்கிற இடத்தில் பெயர், பாலைவனத்தில் எண்.

2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்கப் படையினர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சரும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்து வந்த அந்த மன்னிப்பை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதை வாங்கிக்கொள்ளவேண்டிய தாய்மார்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.

வேலூர்க் கல் அந்தக் காலத்து அச்சு வாசகம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதே வார்த்தைகளில், எண்களை மட்டும் மாற்றி, பிரிட்டிஷ் இந்தியாவின் எத்தனையோ ஊர்களில் கல் பதித்தார்கள். அதில் நன்றி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைப்ரஸ் தெருச் சங்கத்தார் மாதிரி அந்தப் பதினாலு பேரின் அம்மாவைத் தெரிந்த யாரும் அந்த வாசகத்தை எழுதவில்லை. திரும்பி வந்த 263 பேர் வேலூரில்தானே இருந்திருப்பார்கள்? அவர்களைக் கூப்பிட்டு, "கூட வந்தவன் பேர் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

*

வலி அதிகமானது இந்த எண்ணத்தால் மட்டும் அல்ல. பெயர் எழுதுவது நமக்குத் தெரியாத வித்தை அல்ல என்பதால்தான்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது எப்படி என்று தொல்காப்பியம் ஆறு படிகளில் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது முதல், நீராட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரை. அந்தக் கல்லில் வீரனின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், எதற்காக விழுந்தான் என்பது இருக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரையும் கூடல் ஊரையும் சில சொற்களிலேயே சொல்லிவிடுகிறது. அரசனுக்காகச் செத்தவன் அல்ல. மாட்டுக்காகச் செத்தவன்.

வேலூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தூரம்தான் செங்கம் வட்டாரம். நடுகற்கள் நிறைந்த மண். அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் தொறுப் பூசலில், அதாவது மந்தைக்கான சண்டையில், பட்டான். அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது. அவன் விழுந்த பிறகும் கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள்.

1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரை மறக்காமல் எழுதிய மண் இது. அதே மண்ணிலிருந்து கடல் கடந்துபோய்ச் செத்த பதினாலு மனிதர்களின் பெயரை விட்டுவிட்டோம். எழுதாமல் விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அதன்பின் நூறு ஆண்டாகக் கேட்காமல் விட்டவர்கள் நாம். மணிக்கூண்டின் அடியில் நின்று ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துபோன என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழி அடைபட்டுவிடவில்லை. ஆணையத்தின் பதிவுகளில் பல இந்தியச் சிப்பாய்களுக்குத் தகப்பன் பெயரும் கிராமமும் இருக்கின்றன. பஞ்சாபில், போருக்குப் பின் ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டு கிடந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள். 2021-ல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும், பேரப்பிள்ளைகள் பாட்டன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அன்று விடியும்வரை நான் வட ஆற்காடு என்று தேடி, வந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டம் பெரியது. வேலூர்க்காரர் யார் என்று உறுதி செய்ய இன்னும் எத்தனையோ கதவைத் தட்ட வேண்டும். ஆனால் தட்டுவதற்குக் கதவு இருக்கிறது.

*

ஊர் திரும்பியதும் ஒரு காலையில் லாங் பஜாருக்குப் போனேன். அப்பா இல்லை. மண்டிகள் இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவர்கள் அதே மாதிரி "வழி, வழி" என்கிறார்கள். மணிக்கூண்டைச் சுற்றிக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. கல்லை நேராகப் பார்க்க ஓரிடம் தேடி, பூண்டு விற்கும் ஒருவரின் கடையோரம் ஒதுங்கினேன்.

குறிப்பேட்டைத் திறந்து, ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு வரி இடம் விட்டேன். கடைக்காரர் பூண்டை உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா சார் எழுதறீங்க?"

"மேல கல் இருக்குதே, அதுல இருக்கறதைங்க."

"டெய்லி பாக்கறேன். இங்கிலீஷு. என்னா போட்டுக்குது?"

சொன்னேன். மகாயுத்தம், வேலூரிலிருந்து போனவர்கள், திரும்பாதவர்கள். அவர் கடையை விட்டு எழுந்து வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினாலு பேருன்றாங்க. பேரு ஒண்ணுகூடக் காணோமே சார்."

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆளை எண்ணுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல்லே அதுதானே. இத்தனை பேர் என்று சொல்லும்போதே, இத்தனை பெயர் என்றும் சொல்லிவிடுகிறோம்.

"தேடிக்கிட்டிருக்கேங்க" என்றேன்.

அவர் என் குறிப்பேட்டில் இருந்த பதினாலு வெற்று வரிகளைப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பூண்டை மறுபடி கையில் எடுத்தார்.

"கெடைச்சா வந்து சொல்லுங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."